செருப்புக்குக் கயிறு கட்டிய நாள்

எங்கள் பத்திரிகையின் கலைப் பக்கத்துக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் என்னிடம் ஓவியத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஓய்வு பெற்ற புதிதில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் வரும் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "சேர், அந்தச் செருப்புக் கதை உண்மையோ?" என்றுதான் கேட்கிறார்கள். இத்தனை வருடம் எழுதியதில் மிஞ்சியது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அலுவலகத்தில் உலவுகிற கதையில் நான் அந்தச் செருப்புகளின் முன் விழுந்து கும்பிட்டதாகவும் வருகிறதாம். அது சுத்தப் பொய். எழுத்தில் மட்டும்தான் கும்பிட்டேன். கதைக்கு இன்னும் கைகால் முளைப்பதற்கு முன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கதை உண்மையில் சப்பாத்தில்தான் தொடங்குகிறது.

அதற்கு முந்தைய வருடம் கொழும்பில் நடந்த ஒரு பெரிய கலைச் சந்தைக்கு எங்கள் பத்திரிகை என்னை அனுப்பியது. திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, கசங்கிய சேட்டும் தோல் செருப்பும் தோளில் தொங்கும் பையுமாக வாசலில் போய் நின்றேன். கோட் போட்ட ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாமான் ஏற்றிவந்த வானைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். வான் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். ஒரு மாதிரி உள்ளே போனால், நான் பேட்டி காணப் போயிருந்த ஓவியர், குடித்து முடித்த கிளாஸை என் கையில் தந்துவிட்டு அடுத்தவரோடு கதைக்கத் தொடங்கினார். அவர் திரும்பவும் என் பக்கம் வந்த பிறகு பேட்டி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அது முடியும் வரைக்கும் அந்த வெறும் கிளாஸை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கே வைப்பது என்று கேட்க வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நாடா கட்டுகிற கறுப்புச் சப்பாத்து ஒன்று வாங்கினேன். இனி ஒருவரும் என்னிடம் வானை நிறுத்தச் சொல்லக்கூடாது.

அடுத்த வருடம் கலைச் சந்தை எங்கள் ஊருக்கே வந்தது. துறைமுகப் பக்கத்தில் முன்பு மூட்டைகள் அடுக்கிய பழைய கிட்டங்கிகளைக் கழுவித் துடைத்து, வெள்ளையடித்து, நாட்டின் நாலு திசையிலிருந்தும் கலைஞர்களை வரவழைத்திருந்தார்கள். நான் சப்பாத்தோடு போனேன். அதை மாட்டுவதே ஒரு பெரிய காரியம். என் வயிறு அப்போதே என்னைக் குனியவிடாத அளவுக்கு வளர்ந்திருந்தது. மனைவிதான் குந்தியிருந்து நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். அதாவது, அந்தச் சப்பாத்தைக் கழற்றுவதென்றால் நான் வீட்டுக்கு வந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்த் தெருக்களில் அலைகிற மான்களில் ஒன்று கிட்டங்கி வாசலில் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. அதையும் ஒரு படைப்பு என்று எழுதாமல் விட்டது நான் செய்த புண்ணியம்.

முதல் நாள் பின்னேரம் வரைக்கும் பெரிய பெயர்களின் பின்னாலேயே அலைந்தேன். களைத்துப்போய் வெளியே வருகிற வழியில், கடைசிக் கிட்டங்கியின் ஒரு மூலை அறை வாசலில் அந்தச் செருப்புகளைக் கண்டேன். நேர் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தேய்ந்த இறப்பர் செருப்புகள், பெண்களின் குதி வைத்த செருப்புகள், பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்துகள். அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு சின்ன அட்டை: "வீடு. நஸ்ரீனா, மூதூர்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டை விட்டு ஓடியவர்கள், வழியில் செருப்பைத் தவறவிட்டவர்கள், போனவர்கள், திரும்பி வராதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் வந்து நின்றார்கள்.  அறைக்குள் எட்டிப் பார்த்தேன். நிறைய முதுகுகள்தான் தெரிந்தன. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போவதென்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் போலிருந்தது, மனைவியோ உப்புவெளியில் வீட்டில் இருந்தாள். முக்கியமானது வாசலிலேயே இருக்கிறதே, உள்ளே போய் என்ன பார்ப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளே நின்றவர்களும் கழற்றித்தான் போயிருப்பார்கள் என்ற அடுத்த யோசனை எனக்கு வரவே இல்லை. கைத்தொலைபேசியில் செருப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன்.

"வராதவர்களின் பாதங்கள்" என்று தலைப்புப் போட்டேன். தலைப்பே எனக்குக் கண்ணீரை வரவழைத்தது. இந்தச் செருப்புகளுக்குள் இனி எந்தக் கால்களும் நுழையப் போவதில்லை என்று எழுதினேன். நான் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கால்களுக்குரியவர்கள் வெளியே வந்து, செருப்புகளை மாட்டிக்கொண்டு, நான் இருந்த கடைக்கு அடுத்த கடையில் ஐஸ்கிறீம் வாங்கித் தின்றிருக்க வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நல்ல வசனம் வந்துகொண்டிருக்கும்போது யார்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

பத்திரிகை ஆசிரியருக்குக் கட்டுரை மிகவும் பிடித்துவிட்டது. உடனேயே படத்தோடு இணையத்தில் ஏற்றினார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஆட்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மருமகன் என் கட்டுரை ஒன்றை முழுதாக வாசித்தான். அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு நிருபர் அப்படித் தூங்கினால் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை, பாராட்டு ஏதாவது கிடைக்கும் என்று அதே சப்பாத்தோடு போனேன். மூலை அறை வாசலில் சத்தமாக இருந்தது. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என் கட்டுரையை வாசித்துவிட்டு, இவ்வளவு பெறுமதியான படைப்பைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டோமே என்று பதறிப்போய், செருப்புகளைச் சுற்றி நாலு கம்பி நாட்டிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். "தொடாதீர்கள்" என்று ஒரு அட்டையும் வைத்திருந்தார். கயிற்றுக்கு உள்ளே கிடந்தவை அன்று காலையில் வந்தவர்களின் செருப்புகள். கயிற்றுக்கு வெளியே அவற்றின் சொந்தக்காரர்கள் வெறும் காலோடு நின்றார்கள்.

எல்லாருக்கும் முன்னால் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஏற்பாட்டாளர் அவருக்கு, அது கலைப்படைப்பு, கை வைக்கக்கூடாது என்று பொறுமையாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"காலையில வீட்ட இருந்து போட்டுட்டு வந்தது தம்பி," என்றார் வியாபாரி. "அது எப்ப கலையாப் போச்சு?"

ஏற்பாட்டாளர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, இவர்தான் எழுதினவர், இவரிடமே கேளுங்கள் என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விஷயம் விளங்கியது. விளங்கிய வேகத்தில் காது இரண்டும் சுட்டன.

அந்த நேரம் பார்த்து நஸ்ரீனா வந்தார். மூதூரில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவர். முதல் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருந்தார். கயிற்றைப் பார்த்தார், அட்டையை வாசித்தார், என்னைப் பார்த்தார். நான் என் பெயரைச் சொன்னேன்.

"நீங்களா சேர் எழுதின?" என்றார். "உள்ளுக்கு வரல்லயா நீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். ஒருவர் ஒரு அறையைப் பற்றி அவ்வளவு நீளத்துக்கு எழுதிவிட்டு அந்த அறைக்குள் வராமல் இருப்பார் என்று அவரால் நினைக்க முடியவில்லை. நான் நேர நெருக்கடி, வெளிச்சம், கூட்டம் என்று என்னவோ சொன்னேன். சப்பாத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அவருக்கு என்னிடம் கோபித்துக்கொள்ள நேரமும் இல்லை. அந்தச் சந்தை முடியும்போது கிழக்கிலிருந்து வந்த கலைஞர் ஒருவருக்குக் கிட்டங்கியின் ஒரு அறையை ஒரு வருடத்துக்கு வேலை செய்யக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற அம்மா கொழும்பிலிருந்து வந்து அன்று காலை ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது இந்த அறை. நஸ்ரீனா கயிற்றை அவிழ்க்கலாமா என்று ஏற்பாட்டாளரைக் கேட்டுக்கொண்டே என்னிடம் தன் நிலைமையைச் சொன்னார்.

"வீட்டில குசினிதான் சேர் எனக்கு வேலை செய்ற இடம். சோறு வைக்க முன்னுக்கு எல்லாத்தையும் சுருட்டிரணும். துணியைச் சுருட்டலாம், கடதாசியைச் சுருட்டலாம். மணலைச் சுருட்ட ஏலாதே."

மணலா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கொழும்பு அம்மா வந்துவிட்டார்.

அவர் கையில் தொலைபேசி இருந்தது, அதில் என் கட்டுரை இருந்தது. கயிற்றுக்கு முன்னால் நின்று தொலைபேசியையும் செருப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, காரில் வரும்போதே இதை வாசித்ததாகவும், இந்தச் செருப்புகளைப் பார்க்கத்தான் விடிந்ததிலிருந்து காத்திருந்ததாகவும் சொன்னார். கலைஞர் யார் என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மீன் வியாபாரி வாயைத் திறந்தார். நான் அவருடைய கையை மெல்லப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, நெருக்கடியில் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு என்னை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே கணத்தில் எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு அறை கிடைக்கும். என் மானம் பிழைக்கும். ஒருவருக்கும் நட்டமில்லை, வியாபாரியின் செருப்பைத் தவிர. நஸ்ரீனாவின் பக்கம் சரிந்து காதுக்குள் சொன்னேன்: "தங்கச்சி, செருப்பும் உங்கட வேலைதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. இடம் உங்களுக்குத்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த தன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய குசினி, அடுப்பு, சுருட்டி வைத்த துணிகள் எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு கொழும்பு அம்மாவிடம் சொன்னார்.

"அது பார்க்க வந்த ஆக்கள்ற செருப்பு, மேடம். நான் ஒருத்தரையும் கழட்டச் சொல்லல்ல. உள்ளுக்கு வீடு எண்டதால அவங்களாக் கழட்டி வெச்சிரிக்காங்க."

கொழும்பு அம்மாவின் முகம் மாறியது. தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைபேசியைப் பைக்குள் போட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கடலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது, துறைமுகம் பக்கத்தில்தான் இருந்தது. வியாபாரி கயிற்றுக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டுத் தன் செருப்பை எடுத்துக்கொண்டார். வெளியே நின்ற மற்றவர்களும் எடுத்தார்கள், இன்னும் உள்ளே நின்றவர்களின் செருப்புகள் மட்டும் கிடந்தன. ஒரு நிமிஷத்தில் "வராதவர்களின் பாதங்கள்" வந்து தங்கள் தங்கள் செருப்புக்குள் நுழைந்தன.

"உள்ளுக்கு வாங்க, மேடம்," என்றார் நஸ்ரீனா. என்னிடமும் சொன்னார்: "நீங்களும் வாங்க, சேர்."

கொழும்பு அம்மா குதி வைத்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் குனிந்தேன். பாதி வழியில் வயிறு மறித்தது. சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கினேன், முடிச்சு இன்னும் இறுகியது. போகப் புறப்பட்ட மீன் வியாபாரி இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முன்னால் குந்தி, மனைவி போட்ட இரட்டை முடிச்சை நகத்தால் கிண்டி அவிழ்த்துவிட்டார். அவருடைய செருப்பைக் கலையாக்கியவனுக்கு அவர் அதைச் செய்திருக்கத் தேவையில்லை. எழும்பும்போது, "இதுக்கும் கயிறா கட்டியிரிக்கீங்க" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போனேன். அறையில் ஒன்றுமே இல்லை. படம் இல்லை, சிலை இல்லை, சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. கழுவிய சீமெந்துத் தரையில் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலால் கோடுகள் போட்டிருந்தார். ஒரு விரல் உயரம் இருக்கும். பெரிய சதுரம், அதற்குள் சின்னச் சதுரங்கள், அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி, பின்னால் ஒரு வட்டம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது நஸ்ரீனாவின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சமாக இருந்ததாம். அந்த வீட்டைத்தான் நினைவில் இருந்த அளவுக்கு, அளவு மாறாமல், தரையில் போட்டிருந்தார்.

சனங்கள் அதற்குள் நடந்துகொண்டிருந்தார்கள். இடைவெளிகளால் மட்டும் நுழைந்தார்கள். ஒரு பெண் விறாந்தையில் நின்று, உள்ளே இருந்தவர்கள் வெளியே வரும் வரைக்கும் ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு பேர் குசினிக்குள் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை கிணறாக இருந்த அந்த வட்டத்தின் கிட்டப் போக, தாய் கையைப் பிடித்து இழுத்தாள். நான் இதையெல்லாம் பார்த்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது பார்க்கவில்லை. அப்போது நான் பார்த்தது அறையின் மறுபக்கம் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்ற கொழும்பு அம்மாவை மட்டும்தான். அவரிடம் உடனே போய் என் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்று நேரே நடந்தேன்.

"சேர்!"

ஒருவர் இல்லை, அறையில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் அப்படியே நின்றேன். என் வலது கால் மணலுக்குள் நின்றது. கோடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் ஒரு வீட்டின் சுவரை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போயிருக்கிறேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. குசினிக்குள் நின்ற பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். நஸ்ரீனா வந்து சிதறிய மணலைப் பார்த்தார். 

"பரவால்ல சேர். நாங்க ஓடக்குள்ளயும் முதல்ல அந்தச் சுவர்தான் விழுந்தது."

எனக்கு அழுகை வந்தது. முதல் நாள் தலைப்புப் போட்டபோது வந்தது மாதிரியான அழுகை இல்லை. இதில் எழுதுவதற்கு ஒரு வசனமும் கிடைக்கவில்லை.

அறை நஸ்ரீனாவுக்குத்தான் கிடைத்தது. பின்னேரம் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு தேநீர் குடிக்கிற இடத்தில் கொழும்பு அம்மா என்னோடு கதைத்தார். செருப்பு விஷயம் தெரிந்ததும் ஏமாந்துவிட்டேன் என்ற எரிச்சலில் மரியாதைக்காகத்தான் உள்ளே போனாராம். மணல் கோட்டைப் பார்த்தும் மனம் இறங்கவில்லையாம். நான் சுவருக்குள் காலை வைத்தபோது எல்லாரும் கத்தினார்களே, தானும் சேர்ந்து கத்தியிருந்ததைப் பிறகுதான் கவனித்தாராம். வெறும் மணலுக்கு ஏன் கத்தினேன் என்று யோசித்துக்கொண்டு நெடுநேரம் அந்த வீட்டுக்குள் நின்றாராம். என்னிடம் அவர் நன்றி சொன்னாரா, ஏசினாரா என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது.

எனவே, என் எழுத்து கெடுக்கப் பார்த்ததை என் கால் சரி செய்தது. என் பணிக்காலத்தில் நான் செய்த மிகச் சிறந்த கலை விமர்சனம் அந்தக் கால் வைத்ததுதான் என்று மனைவி சொல்கிறாள். அவள் மற்றக் கட்டுரைகளை வாசிக்காமல் சொல்கிறாள் என்று நான் சமாளித்துக்கொள்கிறேன்.

திருத்தக் கட்டுரை எழுதினேன். செருப்புகளும் ஒரு வகையில் படைப்பின் பகுதிதான் என்று வளைத்து எழுத முடியாதா என்று ஆசிரியர் கேட்டார். முடியும், அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வெறும் காலோடு கயிற்றுக்கு வெளியே நின்றவர்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் திரும்பி வராதவர்களை உண்மையிலேயே தேடிக்கொண்டிருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் தலைப்பை நம்பி அந்தச் செருப்புகளைப் பார்க்க வந்திருந்தால் நான் அவளுக்கு என்ன சொல்லியிருப்பேன்? அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். முதல் கட்டுரையை வாசித்தவர்களில் பாதிப் பேர்கூட இதை வாசித்திருக்க மாட்டார்கள், மருமகன் உட்பட.

உங்களுக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கலைஞரைச் சந்திக்கப் போகும்போது கழற்றச் சுலபமானதைக் காலில் போட்டுக்கொண்டு போங்கள். வாசலில் நிற்கும்போதே நல்ல வசனம் வந்துவிட்டால், அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். உள்ளே போனதும் உங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர் எங்கே நிற்கிறார் என்று பார்க்காமல், மற்றவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். கையில் யாராவது வெறும் கிளாஸைத் தந்தால் எங்கே வைப்பது என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து நஸ்ரீனாவின் புது அறையைப் பார்க்கப் போனேன். வெளிச்சம் நிறைந்த நல்ல அறை. யன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் தெரிந்தது. அவர் தரையில் குந்தியிருந்து ஒரு கோப்பையால் மணலைக் கொட்டிக் கொட்டிப் புதிதாக ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். சுருட்டி வைக்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நான் இறப்பர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றேன்.

நெடுநேரம் கழித்து அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் சேர் அங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"உந்தக் கோட்டில வாசல் எங்கை எண்டு பார்க்கிறன்," என்றேன்.

நஸ்ரீனா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கென்ன சேர்," என்றார். "எல்லாப் பக்கமும் வாசல்தானே."